ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்: மூடிய ஆலையின் விஷத்தை நிலத்தடியிலிருந்து எடுக்க முடியுமா?

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது, கழிவு நிற்கவில்லை. திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்த குரோமியக் கழிவு மழைக்கு மழை கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. 2006இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில், நோரில்ஸ்க் ஆகியவற்றோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது.

அந்தக் கழிவு மேடு ஏன் அத்தனை ஆண்டுகள் அப்படியே கிடந்தது என்று கேட்டால் அலட்சியம், பணம், வழக்கு என்று வரிசையாகப் பதில் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. பணமும் மனமும் இருந்து இறங்கினாலும் நிலத்தடி நீரை உண்மையில் எவ்வளவு தூரம் சுத்தம் செய்ய முடியும்? சட்டமும் நிதியும் தாராளமாக இருந்த நாடுகளிலேயே இந்த வேலை நினைத்தபடி முடியவில்லை. எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்து வைத்திருந்தால்தான் நாளைக்கு ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது அதில் என்ன இல்லை என்று நம்மால் கேட்க முடியும்.

குரோமியம் இரண்டு விதம்

குரோமியம் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்தான். ஒன்று குரோமியம்-3. சாதாரண நீரில் எளிதில் கரையாது, மண்ணில் ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். தோல் பதனிடப் பயன்படும் பேசிக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது இதுதான். மற்றொன்று குரோமியம்-6. இது நீரில் நன்றாகக் கரையும். எதிர்மின் சுமை கொண்ட அயனி என்பதால், அதே சுமை கொண்ட களிமண் துகள்களில் அவ்வளவாக ஒட்டாமல் நீரோடு நீராக ஓடிவிடும். புற்றுநோய் அச்சம் இந்த இரண்டாவதைப் பற்றியது. மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது வெகு காலமாக நிறுவப்பட்ட ஒன்று. குடிநீர் வழியாகவும் ஆபத்து உண்டா என்பதில் நீண்ட விவாதம் இருந்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இதைக் குடிநீரில் கலந்து கொடுத்துச் சோதித்தது. எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததாக 2008இல் அறிக்கை வெளியிட்டது.

ராணிப்பேட்டை ஆலை செய்தது சோடியம் குரோமேட், டைகுரோமேட் போன்றவை. இந்தத் தொழிலின் பழைய முறையில் குரோமைட் தாதுவைச் சலவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் கலந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுப்பார்கள். தாதுவில் அசையாமல் இருந்த குரோமியம்-3 அந்தச் சூட்டில் குரோமியம்-6 ஆக மாறும். பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்து வடித்து எடுப்பார்கள். அதாவது பூமி பத்திரமாகப் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து, கரையும் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலே. வடித்தபின் மிஞ்சும் சக்கையில் கொஞ்சம் குரோமியம்-6 தங்கிவிடும். அது சுண்ணாம்புக் கனிமங்களுக்குள் சிக்கிக்கொண்டு சிறுகச் சிறுக வெளியேறும். அந்தச் சிறுகச் சிறுக எத்தனை காலம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சாட்சி. அங்கே ரதர்க்ளென் பகுதியில் இருந்த குரோமியம் ஆலை 1960களின் கடைசியில் மூடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2019இல், அந்தக் கழிவு புதைந்த பகுதி வழியாக வரும் போல்மடி ஓடை பளிச்சென்ற பச்சையும் மஞ்சளுமாக ஓடியது.

ராணிப்பேட்டை மேட்டின் அளவைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சில ஆங்கில அறிக்கைகளில் 15 லட்சம் டன் என்று இருக்கும். அதே அறிக்கைகள் மேடு பரவியிருப்பது 2 ஹெக்டேர் என்றும் சொல்லும். 2 ஹெக்டேரில் 4 மீட்டர் உயரம் என்றால் 80,000 கன மீட்டர்தான். கன மீட்டருக்கு 2 டன் வைத்தாலும் 1.6 லட்சம் டன்னைத் தாண்டாது. ஒரு சுழியம் கூடிப்போயிருக்கிறது. ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் டன் சொச்சம் என்று சொல்லும் மற்ற கணக்குகள்தான் நம்பத் தக்கவை.

குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதுவே போதுமான அளவுக்குப் பயமுறுத்தும். இந்திய குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஒரு கிலோ குரோமியம் கலந்தாலே 2 கோடி லிட்டர் நீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் மழை பெய்யும் ஊரில், 2 ஹெக்டேர் மேட்டின் மீது விழும் மொத்த மழையும் அதே 2 கோடி லிட்டர்தான். கழிவில் குரோமியம்-6 வெறும் அரை சதவீதம் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் டன்னில் 7.5 லட்சம் கிலோ வருகிறது. மழை தானாகவே கழுவிச் சுத்தம் செய்துவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இறைத்துச் சுத்திகரித்தால் என்ன?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இதுதான். போர் போட்டு மாசுபட்ட நீரை மேலே இறைத்து, சுத்திகரித்து, திரும்ப விடுவது. அமெரிக்காவில் மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980இல் வந்த பிறகு நூற்றுக்கணக்கான இடங்களில் இதைத்தான் செய்தார்கள். சில ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றும் நம்பினார்கள். 1994இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இப்படி நீர் இறைத்துக்கொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்தது. 69 இடங்களில் இலக்கை எட்டவில்லை.

காரணம் பம்பில் இல்லை, பூமியில் இருக்கிறது. மணலும் பெரிய வெடிப்புகளும் உள்ள பாதையில் நீர் வேகமாக ஓடும், அங்கே இருக்கும் மாசு முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும். அளவு கிடுகிடுவென்று இறங்குவதைப் பார்த்து எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் பல ஆண்டுகளாக அந்த மாசு களிமண் அடுக்குகளுக்குள்ளும் பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் ஊறிப்போயிருக்கும். அங்கே நீரோட்டம் கிடையாது. உள்ளே போனதைப் போலவே மெதுவாகத்தான் வெளியே கசியும். சோப்புத் துணியை அலசும்போது முதல் இரண்டு வாளியில் நுரை பெருமளவு போய்விட்டாலும், பத்தாவது வாளியிலும் தண்ணீர் கலங்கலாகவே இருக்குமே, அதுமாதிரி. மோட்டாரை நிறுத்தினால் சில மாதங்களில் அளவு மறுபடி ஏறிவிடும். எத்தனையோ இடங்களில் ‘முடிந்தது’ என்று அறிவித்துவிட்டு மீண்டும் இறைக்க வேண்டி வந்திருக்கிறது.

ராணிப்பேட்டைக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று. அங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கு, அதன் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டிப் பாறை. எந்த வெடிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பது தோண்டிப் பார்க்காமல் தெரியாது. ஒரு போரில் விஷம் வரும், கூப்பிடு தூரத்தில் உள்ள இன்னொரு போரில் வராது. ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த மேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் மாதிரி எடுத்து, மாசு எந்தத் திசையில் நகரும் என்று கணினி மாதிரியமைப்பும் செய்திருக்கிறார்கள். அந்த மாதிரி வேலையைச் செய்யாமல் பம்பு வைக்க இடம் தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

அதற்காக இறைப்பதே வீண் என்று சொல்லவில்லை. சரியான இடத்தில் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தால் நீரோட்டம் அந்தக் கிணற்றை நோக்கித் திரும்பும், மாசு அடுத்த ஊருக்குப் போகாது. இதைச் சுத்தம் செய்வது என்று சொல்வதைவிட அணை கட்டுவது என்று சொல்வது பொருத்தம். மின்கட்டணம் கட்டும் வரைக்கும் நிற்கிற அணை. பாலாறு பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அதற்கும் மதிப்பு உண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நீரிலிருந்து குரோமியத்தை எடுத்தால் அது சேறாக நம் கையில் நிற்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர் அந்தச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். அது இந்த மேட்டோடு தொடர்புடையதல்ல. ஆனால் எந்தச் சுத்திகரிப்புத் திட்டத்தைப் படித்தாலும் சேறு எங்கே போகிறது என்ற பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கச் சொல்வேன்.

பூமிக்குள்ளேயே மாற்றிவிடுவது

குரோமியம் விஷயத்தில் வேதியியல் நமக்கு ஒரு வசதியைச் செய்து தந்திருக்கிறது. குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கிவிட்டால் பெரும்பாலான ஆபத்து அங்கேயே அடங்கிவிடும். விஷத்தன்மையும் மிகக் குறையும், ஓட்டமும் நிற்கும். அதற்கு எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று போதும். இரும்புத் தூள் கொடுக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட், கொடுக்கும். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைக் கொடுத்தால் மண்ணில் உள்ள பாக்டீரியா அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அந்தச் சூழலில் குரோமியமும் மாறிவிடும்.

இதில் மிக அழகான வேலை நடந்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், எலிசபெத் சிட்டி என்ற ஊரில். அங்குள்ள கடலோரக் காவல்படைத் தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குரோம் முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் தரைக்குக் கீழே கசிந்த குரோமியம்-6 பக்கத்திலிருந்த ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996இல் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுமார் 46 மீட்டர் நீளம், 7 மீட்டர் சொச்சம் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் வெட்டி இரும்புத் துகளால் நிரப்பினார்கள். அவ்வளவுதான். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நீர் தானாக அந்த இரும்புச் சுவர் வழியே நுழைந்து குரோமியத்தை விட்டுவிட்டு மறுபக்கம் போகிறது. பதினைந்து ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் குரோமியத்தைச் சுவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

ராணிப்பேட்டையிலும் அப்படியே செய்யலாமே என்று ஆசை வரும். எலிசபெத் சிட்டி கடலோர மணல் நிலம், அங்கே ஏழு மீட்டர் வெட்டுவது சுலபம். கெட்டிப் பாறைக்குள் அப்படிச் சுவர் எழுப்ப முடியாது. சிதைந்த பாறை அடுக்கு வரைக்கும் வெட்டலாம், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளில் போவதைத் தடுக்க ஊசி போடுவதுபோல் கிணறுகள் வழியே திரவத்தைச் செலுத்தித்தான் பார்க்க வேண்டும்.

திரவம் செலுத்துவதன் நல்லது கெட்டது இரண்டுக்கும் கலிபோர்னியாவின் ஹிங்க்லி நல்ல பாடம். பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் அங்கே எரிவாயுக் குழாய்க்கான அழுத்த நிலையத்தை 1952இல் தொடங்கியது. குளிர்விக்கும் கோபுரங்கள் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம்-6 சேர்த்த நீரை 1960களின் நடுப்பகுதி வரை பயன்படுத்தி, தளமிடாத குட்டைகளில் விட்டது. விஷயம் 1987இல் வெளியே வந்தது. எரின் பிரோக்கோவிச் என்ற சட்ட அலுவலகப் பணியாளர் மக்களைத் திரட்டிய அந்த வழக்கு 1996இல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. பலருக்கும் கதை அதோடு முடிந்துபோனது. நிலத்தடியில் முடியவில்லை. நிறுவனம் எத்தனாலைப் பூமிக்குள் செலுத்தி குரோமியத்தை மாற்றியது, மாசு நீரை இறைத்துக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சி வேர்ப்பகுதி மண்ணிலேயே மாற்றவைத்தது. இரண்டும் வேலை செய்தன. ஆனால் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் மண்ணோடு ஒட்டியிருந்த மாங்கனீசும் ஆர்சனிக்கும் கரைந்து நீரில் வரத் தொடங்கின. அவற்றையும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. வழக்கு முடிந்து கால் நூற்றாண்டு ஆன பின்னும் அங்கே துப்புரவு வேலை தொடர்ந்தது.

மாற்றிய குரோமியம்-3 எங்கும் போகவில்லை, அதே மண்ணில்தான் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சில மாங்கனீசு ஆக்சைடுகள் அதைத் திரும்பவும் குரோமியம்-6 ஆக்கக்கூடியவை. மெதுவாக, சிறிய அளவில்தான். இருந்தாலும் கண்காணிப்புக் கிணறுகளை மூடிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது என்பதற்கு அது போதுமான காரணம்.

மேட்டை என்ன செய்வது

மேலே சொன்ன எந்த முறையாக இருந்தாலும், மேடு அப்படியே இருந்தால் அது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேட்டைத் தொடாமல் நீரை மட்டும் சுத்திகரிக்கும் திட்டம் ஒப்பந்தக்காரருக்கு நிரந்தர வருமானம் தருமே தவிர ஊருக்கு எதுவும் தராது. அதே சமயம் மேட்டு விவகாரம் தீரட்டும், பிறகு நீரைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பதும் தப்பு. மாசு பாலாற்றுப் பக்கம் நகராமல் தடுக்கும் வேலை எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மேட்டுக்கு வழி இரண்டு. அள்ளுவது, இல்லையென்றால் மூடுவது. மூடுவது மலிவு. மேலே நீர்புகாத விரிப்பும் களிமண்ணும் போட்டு மழையைத் தடுத்தால் கசிவு பெருமளவு குறையும். ஆனால் கழிவின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மேலே எவ்வளவு மூடினாலும் கீழே கரைந்துகொண்டுதான் இருக்கும். அதோடு இந்த வகைக் கழிவுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு, ஈரம் பட்டு நாளாவட்டத்தில் ஊதிப் பெருக்கும். மேலே போட்ட தளம் வெடிக்கும். அன்னபேதியைத் தெளித்துக் கழிவையே மாற்றிவிடலாம் என்றால், அதன் கடுமையான காரத்தன்மையில் இரும்பு வேலை செய்வதற்குள்ளேயே படிந்துவிடுகிறது. விஷமோ துகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெர்சி சிட்டியில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 15 லட்சம் டன் குரோமியக் கழிவு கிடந்த 34 ஏக்கர் நிலம். இங்கே 15 லட்சம் என்பது எழுத்துப் பிழையில்லை. உள்ளூர் மத அமைப்புகள் சேர்ந்து ஹனிவெல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. மூடி வைத்தால் போதும் என்றது நிறுவனம். மூடியது தாங்கவில்லை என்பதைப் பார்த்த நீதிபதி 2003இல் அத்தனையையும் அள்ளி அப்புறப்படுத்த உத்தரவிட்டார். செலவு சுமார் 40 கோடி டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவு நின்றது. ராணிப்பேட்டையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். அள்ள முடியாத அளவு இல்லை. அள்ளியதை வைக்கத் தகுந்த பாதுகாப்பான குழியும், லாரியில் போகும்போது தூசி பறக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கும் வேண்டும், அவ்வளவே.

ஹிங்க்லிக்கும் ஜெர்சி சிட்டிக்கும் ராணிப்பேட்டைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேதியியலில் இல்லை. அங்கே பிடித்து நிறுத்திப் பணம் கேட்க ஒரு பணக்கார நிறுவனம் இருந்தது. இங்கே ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகு யாரைக் கேட்பது? ‘மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த முக்கியத் தீர்ப்புகளில் ஒன்றே இந்த மண்ணிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், பாலாற்றில் கழிவு விட்ட தோல் ஆலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கொள்கை சரிதான். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிடம் அது செல்லும். மூடிய ஆலையின் பூட்டிய கேட்டிடம் செல்லுபடியாகாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று தனி விதிகளை வெளியிட்டது. யார் மாசுபடுத்தினார்கள் என்று கண்டறிந்து அவரிடம் செலவை வசூலிக்க வேண்டும், அப்படி ஒருவர் இல்லையென்றாலோ அவரால் முடியவில்லையென்றாலோ மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. அந்தச் சமயத்தில் நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன, துப்புரவு தொடங்கியிருந்தது ஏழில் மட்டும். இடத்தை ஆராயவும் பொறுப்பாளியைக் கண்டறியவும் விதிகளில் நாள் கணக்கு இருக்கிறது. அடையாளம் கண்ட இடத்தை எப்போதைக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்பதற்குக் கெடு இல்லை.

கெடு வைப்பது எளிதல்ல என்பது உண்மை. 2013இல் அதே அமெரிக்க ஆராய்ச்சி மன்றம், தங்கள் நாட்டில் சுமார் 12,000 இடங்கள் இன்னும் 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் சீராக வாய்ப்பில்லை என்றே எழுதியது. நிலத்தடி நீருக்கு அப்படித் தேதி குறிக்க முடியாதுதான். ஆனால் மேட்டை அள்ளுவதற்குக் குறிக்கலாம். ஊருக்கு மாற்றுக் குடிநீர் கொடுப்பதற்கும், நீரோட்டத்தைத் திருப்பும் கிணறுகள் போடுவதற்கும் குறிக்கலாம். சூப்பர்ஃபண்ட் சட்டத்தில், ஓர் இடத்தில் கழிவை விட்டு வைத்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபடி பரிசோதித்து அறிக்கை வெளியிட்டே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அந்த மாதிரி ஒரு ஏற்பாட்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பத்திருபது கண்காணிப்புக் கிணறுகளும், ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கும் ஒரு சின்னத் தொகையும், முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டும் பழக்கமும் போதும்.